மீதமுள்ள எழுத்துகள்

இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
இடைவெளியும் சேர்த்து மூவாயிரம் எழுத்துக்குள் சொல்லவும்.
பெட்டியின் அடியில் ஓர் எண்
நான் தட்டத் தட்ட இறங்குகிறது.

கிச்சனரில் இரவு பதினொன்றே கால்.
ஆபீஸ் சட்டையை இன்னும் மாற்றவில்லை.
வெளியே டிராம்
ஏற ஆளில்லாமல் மணியடித்துப் போகிறது.

'மனிதர்களுக்கு உதவுவது சிறு வயதிலிருந்தே எனக்கு'
என்று எழுதினேன்.
அழித்தேன்.
சிறு வயதில் நான் ஒருவருக்கும் உதவியதில்லை.

பதினான்கு வருடம்
காப்புறுதிக் கம்பனியின் ஐந்தாம் மாடி.
விபத்துக் கோரிக்கைகளைப் படித்து
ஆம், இல்லை சொல்வது வேலை.
ஆம் என்றால் ஒரு வரி.
இல்லை என்றால் மூன்று பக்கம், மரியாதையாக.

அங்கேதான் முதலில் வாசித்தேன்
ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் அறிக்கைகளை.
டொக்டர் 'வலது தோள் முறிவு' என்று முடித்த இடத்தில்
இவர்கள் தொடங்குவார்கள்:
அலமாரியின் இரண்டாம் தட்டு எட்டவில்லை.
மகளுக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டார்.
சட்டையில் ஆறு பொத்தான், பதினொரு நிமிடம்.
நாலாவது பொத்தானில் அழுதார்.

அந்தக் கோப்புக்கு
நான் எழுதியது மூன்று பக்கம்.

இதைச் சொல்லலாமா இங்கே?
எண்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு.

பிரம்டனிலிருந்து மச்சான் குலவீரன்:
"தொழில் சிகிச்சையோ?
அப்ப சனத்துக்கு வேலை எடுத்துக் குடுக்கிறதோ?
முதல்ல உன்ர வேலையைக் காப்பாத்து."

சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வருடம், ஒரு சம்பளம், வீட்டுக் கடன்
என்று கணக்குப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.
எதிர்ப்பு இல்லை அது, கணக்கு.
எதிர்ப்பு என்றால் சண்டை பிடித்திருப்பேன்.

மணிக்கட்டில் எட்டு எலும்பு.
செவ்வாய் இரவுகளில் மனப்பாடம் செய்தேன்.
முதல் நாள் வகுப்பில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன்
என்னைப் பேராசிரியர் என்று நினைத்து
சோதனை எப்போது என்று கேட்டான்.

சனிக்கிழமைகளில் மறுவாழ்வு நிலையம்.
பார்க்கலாம், தொடக்கூடாது.
எல்வின் மார்ட்டின், பால்பண்ணைக்காரர்,
பக்கவாதத்தில் இடப்பக்கம் போனவர்.
தெரபிஸ்ட் ஜொவானாவின் முன்னால்
அவர் தேநீர் போட்டுக் காட்ட வேண்டும்.
கரண்டி விழுந்தது.
நான் குனியப் போனேன்.
ஜொவானா கண்ணால் தடுத்தாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
தரையிலிருந்து மேசை வரை
ஒரு கரண்டிக்கு அவ்வளவு தூரம் இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.
வந்து சேர்ந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை.
எல்வின் இன்னொரு கோப்பையை எடுத்தார்.
அது எனக்காம்.
ஐந்து கரண்டி சீனி இருக்கும்.
மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பரிந்துரைக் கடிதத்தில் மேலாளர்
'கோப்புகளைக் கவனமாகப் படிப்பவர்' என்று
எழுதியிருக்கிறாராம்.
உண்மைதான்.
எத்தனை கவனம் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது நாற்பத்தாறு எழுத்து கூடிவிட்டது.
எண் சிவப்பில் நிற்கிறது.
'ஆர்வம்' போயிற்று. 'கனவு' போயிற்று.
'எப்போதும்' எதற்கு, அதுவும் போகட்டும்.
'நாலாவது பொத்தான்' மட்டும்
கை வைக்க விடமாட்டேன் என்கிறது.

அனுப்பு என்ற பச்சைக் கட்டத்தின் மேல்
அம்புக்குறியை நிறுத்திவிட்டு
வலது கையைத் தொடையின் கீழ் வைத்து அமர்ந்துகொண்டு
இடது கையால் மட்டும்
என் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன்.

இரண்டாவதில் நகம் வழுக்குகிறது.
மூன்றாவதில் நிற்கிறேன்.

உள்ளேயிருந்து சுகிர்தா:
"இன்னும் படுக்கேல்லையோ?"

"பொறு,
இன்னும் மூண்டு கிடக்கு."