ஐந்தாவது ஜன்னல்

வார்டோவில் சூரியன் கடைசியாக மறைந்து
இருபத்து மூன்று நாள் ஆயிற்று.
நள்ளிரவிலும் கடல்மேல்
அணைக்க மறந்த விளக்காக நிற்கிறது.

எங்கள் வேன் முன்பு மீன் சுமந்தது.
எட்டு முறை கழுவினோம்.
எலுமிச்சை, சோடா, கடைசியில் காப்பித்தூள்.
குளிரில் அடங்கிக் கிடக்கும் வாடை
வெயில் பட்டதும் எழுந்து உட்காரும்,
பழைய முதலாளி மாதிரி.
அதனால்தான் திரை.
ஆறு ஜன்னல், ஆறு மோட்டார்,
விரல் வைத்தால் இறங்கும் இருட்டு.

அண்ணன் யோஸ்தைன்
மல்லாந்து கிடந்து துளையிட்டான்.
தகரச் சுருள்கள் தாடியில் விழுந்தன.
துளையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் போடு,
இல்லையென்றால் ஓடும் வண்டியின் நடுக்கத்தில்
தகரம் வயரை மென்று தின்றுவிடும் என்றான்.
"இது சிவப்பா, பழுப்பா?"
சிவப்பு.
"இது?"
பழுப்பு.
மூன்றாம் முறை கேட்டபோது
வெயில் கூசுகிறதாக்கும் என்று
என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.
முனைகளை இடுக்கியில் நசுக்குவது,
ஃபியூஸ் செருகுவது,
எல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்து சேர்ந்தன.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

நான்கு திரைகள் சொன்ன சொல் கேட்டன.
ஆறாவதும் கேட்டது.
ஐந்தாவது,
நான் காப்பி வைக்கப் போனபோது
அவன் தனியாக இணைத்தது,
பாதியில் தொங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
மின்சாரம் வாசல்வரை வந்திருக்கிறது,
திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது.

எர்த் என்கிறோம்.
ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு ஏது மண்?
அதன் உடம்புதான் அதற்கு மண்.
போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயிண்ட்.
வெள்ளையைச் சுரண்டினேன், நீலம் வந்தது,
மீன் கம்பெனியின் பெயரில்
ஏதோ ஓர் எழுத்தின் கால்.
அதையும் சுரண்டினேன்.
பளிச்சென்று இரும்பு.

முறுக்கியதும் மோட்டார் முனகியது.
இறங்கு என்று அழுத்தினேன்.
ஏறியது.
சிவப்பும் பழுப்பும் இடம் மாறியிருந்தன.
"நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்றான்.
ஜூன் மாதத்தில் இந்த ஊரில்
நாளை என்ற சொல்லைக்
கடிகாரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதினொன்றரைக்கு மொத்தச் சுவிட்சை அழுத்தினேன்.
ஐந்து திரைகள் இறங்கின.
முரண்டு பிடித்ததை மட்டும்
தனிச் சுவிட்சில் ஏறு ஏறு என்று சொல்லி
இறக்கினேன்.
முன்கண்ணாடிக்கு ஏற்கெனவே கம்பளி.

இருட்டு.
மூன்று வாரத்தில் முதல் இருட்டு,
பன்னிரண்டு வோல்ட்டில் செய்தது.
என் தோள் எங்கே முடிகிறதென்று
எனக்கே தெரியவில்லை.
ஆறிக்கொண்டிருந்த கெட்டில்
டிக், டிக் என்றது.

அப்போது சொன்னான்,
கெட்டிலிடம் சொல்வதுபோல:
"ஏப்ரலில் லைசென்ஸை வாங்கிவிட்டார்கள்.
வலக்கண்ணில் நடு இல்லை.
இடதிலும் தொடங்கிவிட்டது.
ஓரத்தால் பார்க்கிறேன்,
ஓரத்துக்கு நிறம் சரியாகத் தெரிவதில்லை.
ஸ்பெயின்வரை நான்தான் ஓட்டுவேன் என்றேனே,
அது மார்ச்சில்."

சொல்ல வந்த எதுவும்
இருட்டில் சொல்லத் தக்கதாக இல்லை.
கையை ஊன்றி எழப்போனேன்.
விரல் மொத்தச் சுவிட்சில் பட்டது,
இறங்கு பக்கம்.
இறங்கியிருந்தவை அசையவில்லை.
ஐந்தாவது மட்டும்
முனகிக்கொண்டே ஏறியது.
நள்ளிரவு வெயில் தரையில் நீண்டு
அவன்மேல் ஏறிக்கொண்டது.
முகம் தெரியவில்லை. ஒரு காது தெரிந்தது,
தாடியில் இன்னும் மினுங்கிய தகரச் சுருள் தெரிந்தது.
பின்னாலேயே மீன் வாடை.
"முதலாளி வந்துவிட்டார்" என்றான்.

எனக்கு ஓட்டத் தெரியும் என்றேன்,
ரிவர்ஸ் மட்டும் வராது.
"பின்னால் பார்த்துச் சொல்ல நான்" என்று தொடங்கியவன்
நிறுத்திக்கொண்டான்.

அந்த வயரை இன்னும் மாற்றவில்லை.
தெற்கே வரவர
இரவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைக்கிறது.
நேரே நுழைந்து
நேரே வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்து
வண்டியை நிறுத்துகிறோம்.