இருபது மைக்ரோன்

கிராண்ட்பாஸில் இரவு வேலை.
துறைமுகத்திலிருந்து வந்த மூட்டைகளில்
ஜவ்வரிசி போலொரு வெள்ளை.
சிந்தினால் தரை வழுக்கும்.
போன மாதம் டிலானி விழுந்து
மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

இங்கே நாங்கள் எதையும் உண்டாக்குவதில்லை.
தாக்கம் நடந்து முடிந்தது வேறெங்கோ,
நான் பார்த்திராத ஒரு நாட்டின் எஃகுக் குழாய்க்குள்,
இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்தில்.
நாங்கள் உருக்குகிறோம். ஊதுகிறோம்.
அச்சின் வாயிலிருந்து கூரைவரை எழுகிறது
காற்றை மட்டும் குடிவைத்த ஒரு கோபுரம்.
கண்ணாடியாய்த் தொடங்கி
ஓர் உயரத்தில் சட்டென்று பனி பிடிக்கும்.
அந்தக் கோட்டில்தான் சங்கிலிகள் குளிர்ந்து, மடிந்து,
பக்கம் பக்கமாய் அடுங்கிக்கொள்கின்றன.
பஷீர் நானா கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்
நாளைக்கு எந்தப் பை யாருடைய அரிசியைக்
காலி வீதியில் கொட்டும் என்று.

உயர்தரத்தில் இரசாயனவியல் எனக்கு எஸ்.
என்றாலும் எதீனை மறக்கவில்லை.
இரண்டு காபன், நடுவில் இரட்டைப் பிணைப்பு.
ஒன்று உறுதி.
மற்றது செருப்பைப் போட்டுக்கொண்டு
வாசலில் நிற்கிற ஆள்.
புறோமீன் நீரைக் காட்டினால் போதும்,
செம்மஞ்சள் நிறம் அப்படியே போய்விடும்.
குழாயைக் குலுக்கியவள் நான்.
நிறம் எங்கே போனதென்று
வெளிச்சத்தில் பிடித்துத் தேடியவளும் நான்.

ஒரு சுயாதீன மூலிகம் வந்து தொடும்.
வாசலில் நின்றது பிரியும்.
ஒரு கை வந்தவனைப் பிடிக்கும்,
மற்றக் கை மறுமுனையில் வெறுங்கை.
வெறுங்கை அடுத்த எதீனைத் தொடும்,
அது அடுத்ததை,
அது அடுத்ததை,
ஆயிரம், பத்தாயிரம்,
எங்கோ இரண்டு வெறுங்கைகள்
தற்செயலாய் முட்டிக்கொள்ளும்வரை.
அதோடு சரி.
இனி யார் வந்து கேட்டாலும்
நீட்ட ஒரு கையும் மிச்சமில்லை.
அமிலம் வரட்டும், உப்புத்தண்ணி வரட்டும்,
வெள்ளவத்தைக் கால்வாயின் பூஞ்சணம் வரட்டும்.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
தளும்பாது. கரையவும் கரையாது.
கரையாததுதான் கரைச்சல்.

இரண்டு மணிக்குத் திருகுக்கணிச்சியை முறுக்கினேன்.
டிக். டிக். டிக்.
பதின்மூன்று.
வேறோர் இடத்தில் வைத்து மறுபடி.
பதின்மூன்று.
சட்டம் இருபது என்கிறது.
மெனேஜர் துசித போனில், தன் அரைத் தமிழில்,
மிகவும் மரியாதையாக:
"மிஸ், இருபது போடுங்க."
ஏழு மைக்ரோன்.
என் தலைமுடியைப் பத்தாய்ப் பிளந்தால்
அதில் ஒரு கீற்று.
போட்டேன். நீலப் பேனையால்.
பக்கத்தில் சின்னதாய் என் பெயர், செ. யசோதினி.

விடிய ஆமர் வீதிச் சந்தியில்
கதலி ஒரு சீப்பு, பாதி காய்.
கடைக்காரன் போட்டுத் தந்தது எங்கள் பை.
எங்கள் அச்சில் ஒரு கீறல் உண்டு,
அது விடுகிற கோட்டை நான் அறிவேன்.

அறையில் முடிச்சிட்டு ஆணியில் தொங்கவிட்டேன்.
பழுக்கிற காய் எதீனை மூச்சாய் விடும்.
அதே இரண்டு காபன், அதே வாசல் ஆள்.
உள்ளே அது அலைகிறது.
சுற்றிவர மதிலாய் நிற்பதும்
ஒருகாலத்தில் அதுவாய் இருந்ததுதான்.
முட்டுகிறது. மதில் ஒன்றும் சொல்வதில்லை.
கொஞ்சம் காயோடு தங்கிப் பழுக்கவைக்கிறது,
கொஞ்சம் அந்தப் பதின்மூன்று மைக்ரோனுக்குள்
மெல்ல நுழைந்து வெளியே போகிறது.

தூங்கி எழும்ப, அறை முழுக்க வாசம்.
மூன்று பழம் சாப்பிட்டேன்.
பையைக் கழுவி ஜன்னல் கொடியில் போட்டேன்.
எறிய மனமில்லை, வைக்கவும் இடமில்லை,
லாச்சிக்குள் ஏற்கெனவே நூறு.
கடல்பக்கமிருந்து காற்று எழும்பியது.
சிங்களத்தில் இதன் பெயரே இதன் சத்தம்:
சிலிசிலி,
சிலிசிலி.