அடுத்து எடுப்பவருக்கு

செங்கோட்டை நூலகத்தில்
மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு.
அட்டை போய், பச்சை பைண்டிங்கில் இருக்கும் இதை
நீ குனிந்து எடுத்திருக்கிறாய் என்றால்
ஒன்று, உனக்கு உயரம் போதாது.
இல்லை, என்னைப் போல
மின்விசிறிக்காக வந்த ஆள்.
எதுவானாலும் சரி,
திரும்ப வைத்துவிடாதே.

பெயர் 'ஊசிமலை ரயில்'.
துணைப்பாடம் மாதிரி இருக்கும்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது,
பதினோராம் பக்கத்தில்
தபால் பை காணாமல் போகிறவரை.

உலகம்மை என்று ஒருத்தி, பைலி என்று ஒருவன்.
அவளுக்கு மலையாளம் வராது.
அவன் தமிழில் திட்ட மட்டும் கற்றிருக்கிறான்.
பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் போன வண்டி
ஆரியங்காவில் வெளியே வந்தது.
எஞ்சின் வந்தது, கார்டு வந்தார்,
கூடையில் கோழிகள்கூட வந்தன.
பை வரவில்லை.

இனிமேல் சொன்னால் கெட்டுவிடும்.
ஈரக் குடை ஒன்று வரும்,
அதை மறக்காதே.
இவ்வளவுதான் என்னால் முடியும்.

அறுபத்து மூன்றாம் பக்க ஓரத்தில்
எவனோ நீல மையில் எழுதியிருக்கிறான்:
'ஸ்டேஷன் மாஸ்டர்தான் திருடன்.'
மூன்று ராத்திரி அந்த மனுஷனை வெறுத்தேன்.
தன் பசுவுக்குப் புண்ணாக்கு கரைக்கிறார்,
அதற்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.
அந்த வரி நிஜமா பொய்யா,
நான் சொல்லப் போவதில்லை.
அழிக்கவும் இல்லை.
நீயும் கொஞ்சம் படு.

தொண்ணூறாம் பக்கத்துக் கறை என்னுடையது.
மாங்காய் ஊறுகாய்.
அந்த இடத்தில் சுரங்கத்துக்குள் விளக்கு அணைகிறது,
என் கையில் சோறு இருந்தது.

முடித்த மறுநாள்
சாச்சி மகன் அஜ்மலை இழுத்துக்கொண்டு
புனலூர் வண்டியில் ஏறினேன்.
சுரங்கச் சுவரில் ஆள் ஒதுங்குகிற மாடங்களை
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினோம்.
எனக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினேழு.
சண்டை முடிவதற்குள் இருட்டு முடிந்தது.
அந்தப் பக்கம் மழை!
ஏறும்போது செங்கோட்டையில்
தார் செருப்பில் ஒட்டிய சித்திரை வெயில்.
நடுவில் ஒரே ஒரு மலை.
கதையில் படித்த குடை
அப்போதுதான் என் கையில் நனைந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
தென்காசி ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவதாகச் சொல்கிற
எங்கள் மாமா வந்து
கதவோரம் குடையைச் சாத்தினார்.
தென்காசியில் பத்து நாளாகப் பொட்டு மழை இல்லை.
குடை சொட்டியது.
நகக்கண்ணில் மைதா.
பேனா பிடிக்கிற விரலில் எண்ணெய்க் கொப்புளம்.
சட்டைப் பைக்கு வெளியே
மலையாள எழுத்தில் பஸ் டிக்கெட் நுனி.

உலகம்மை என்றால்
எல்லோரையும் கூப்பிட்டு நடுவில் நின்று
ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருப்பாள்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் சொல்கிறாள்,
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் குடையை எடுத்துப்போய்
மொட்டைமாடியில் விரித்தேன்.
உம்மா தையல் மிஷினை விட்டு எழுந்தபோது
கதவோரம் சொட்டிய தண்ணீரும் இல்லை.
மாமா என்னைப் பார்த்தார்.
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
'என்ன கதை அது?' என்றார்.

இரண்டு வாரம் அவரிடம் இருந்தது.
தாமதம் அதனால்தான்,
அபராதம் அவரே கட்டினார்.
எண்பத்தெட்டாம் பக்கமும் எண்பத்தொன்பதும்
மாவில் ஒட்டியிருக்கும்.
கிழிக்காதே,
ஸ்கேல் விட்டு மெல்லப் பிரி.

அறுபத்து மூன்றாம் பக்கம் வந்த ராத்திரி
வேலை செய்கிற இடத்திலிருந்து போன் செய்தார்.
பின்னால் தோசைக்கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம்.
'ஏ ஜுலைகா, ஸ்டேஷன் மாஸ்டரா?'

நான் வாய் திறக்கவில்லை.