தோராயமான திசை

ராஸ் அல் கைமா, கல்லூரி மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
எங்கள் நாலு தகடுகள்.
சுங்கத்திலிருந்து மீட்க ஆறு வாரம் ஆனது.
"இது எதைப் பிடிக்கும்?" என்றார் அதிகாரி.
"எங்கிருந்து வந்தோமென்று சொல்லாதவற்றை"
என்றாள் மஹ்னாஸ்.
அவர் சிரிக்கவில்லை.

எங்கோ ஒரு காமா வெடிப்பு,
செயற்கைக்கோள் அதைப் பார்த்த மணித்துளியில்
அதே திசையிலிருந்து
எங்கள் தகட்டிலும் ஏதாவது விழுந்ததா?
மூன்று வருடம், நூற்றுப் பதினேழு வெடிப்புகள்.
பொருந்தியவை இரண்டு.
தற்செயலாகவே இரண்டரை பொருந்தும்
என்கிறது கணக்கு.

ஒளி நேராக வந்து போய்விடுகிறது.
மின்னேற்றம் சுமந்த துகளுக்குத்தான் அலைச்சல்:
காந்தப்புலம் காந்தப்புலமாக வளைந்து
பதினைந்தாயிரம் வருடம் பிந்துகிறது
என்று வைத்துக்கொண்டால்,

நேற்றிரவு இரண்டு நாற்பதுக்கு விழுந்ததே,
அதன் வெடிப்பு இங்கே மின்னியபோது
இந்த வளைகுடாவே இல்லை.
ஓர் ஆறு. கொஞ்சம் நாணல்.
லெங்கேயிலிருந்து மஹ்னாஸ்
நடந்தே வேலைக்கு வந்திருக்கலாம்,
முழங்கால்வரை நனைந்து,
விசா இல்லாமல்.

இதைச் சொன்னேன். தெரியாத எதிர்க்கரைப் பக்கம்
ஒரு தடவை பார்த்தாள்.

கட்டுரை முடிவில்
"தொடர்பு இல்லை" என்று அடித்திருந்தேன்.
அழித்துவிட்டு எழுதினாள்:
"முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள்
தொடர்பு காணப்படவில்லை."

கீழே ஏசிகள் இரைகின்றன.
மூன்றாம் தகடு எண்ணிக்கை ஒன்று கூட்டுகிறது.
நேரம் குறிக்கிறேன், நொடி பிசகாமல்.
திசை,
தோராயமாக.