பதினேழு சுற்று

காலை ஐந்தே முக்காலுக்கு
டேங்குக்கு அடியில் குனிகிறேன்.
கூகைவயலின் தாகம்
பதினேழு சுற்று.
பதினாறில் கீழத்தெருவுக்கு ஏறாது,
பதினெட்டில் வாஷர் பிய்ந்துவிடும்.
எந்த இன்ஜினியரும் இதை எழுதிவைக்கவில்லை.
என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

தண்ணீர் திருச்சிப் பக்கத்து ஆற்றுமணலில் புறப்படுகிறது.
ரயில்பாதை, கல்குவாரி,
ஒரு கல்யாண மண்டபத்தின் திருட்டு இணைப்பு
எல்லாம் தாண்டி
களைத்துத்தான் வந்து சேரும்.
முதல் குடம் துரு.
இரண்டாவது குளோரின்.
மூன்றாவதைக் காவிரி என்கிறார்கள்.

ஆனாலும் உலை வைக்க
ஊருணிக்குத்தான் போகிறார்கள்.
காவிரியில் பருப்பு வேகாதாம்,
டீக்கு நிறம் ஏறாதாம்.
செம்பராங்கல் படியில் செருப்பைக் கழற்றி
இறங்கி
வாயில் துணி கட்டிய குடத்தை
அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
'கால் நனைக்காதீர்' என்று போர்டு.
போர்டுக்குக் கீழே சாத்தையா, விசிலோடு.
மாடு வந்தால் ஒன்று,
வெளியூர்க்காரன் சோப்போடு வந்தால் இரண்டு.

என் அம்மா சோலையம்மா
அந்தப் படியை மிதித்ததே இல்லை.
போர்டு நடுவதற்கு முன்பே
அவளுக்கு ஒரு போர்டு இருந்தது.
கரையில் குடத்தை வைத்துவிட்டு
ஏழடி தள்ளி நிற்பாள்.
ஏறி வருகிறவர்களில் மனசு வந்தவர்
உயரத்திலிருந்து ஊற்றுவார்.
பாதி குடத்துக்கு, பாதி மண்ணுக்கு.
இவ்வளவுக்கும்
எங்கள் தெரு இருக்கும் பொட்டல் மேட்டில் பெய்கிற மழைதான்
வாரி வழியே ஓடி
அந்த ஊருணியை நிரப்புகிறது.
எங்கள் முற்றத்தைத் தொட்டுக்கொண்டு.

போன சித்திரையில் ஒருநாள்
பெரிய தெரு வால்வைப்
பத்து நிமிஷம் முன்னாலேயே மூடினேன்.
சொல்லிவிடுகிறேன்: கை தவறவில்லை.
கடைசி வீட்டு வள்ளிக்கண்ணு
கால்வாசி நிறைந்த வாளியோடு வந்து
"கரண்டு இல்லையா அடைக்கலம்?" என்று கேட்டார்.
அவர் நின்றது ஏழடி இருக்கும்.
தற்செயல்தான்.
"ஏர் லாக்" என்றேன்.
திரும்பத் திறந்தேன்.
அன்று முழுக்க
சாவியின் கிரீஸ் கையை விட்டுப் போகவில்லை.

ஐப்பசியில் மெயின் பைப் உடைந்தது.
நான்கு நாள் டேங்கில்
பல்லி மட்டும்.
ஊரே ஊருணிக்கு நடந்தது.
என் வீட்டுக்காரி பூச்செண்டு
பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு
என்னிடம் எதுவும் கேட்காமல் கிளம்பினாள்.
பின்னாலேயே போனேன்.
செருப்பைக் கழற்றினாள்.
முதல் படி. இரண்டாவது.
ஒரு விசில்.

கரையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.
நானும் திரும்பினேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

மேற்குப் பக்கம்
கொம்பு சீவிய செவலைக் காளை ஒன்று
நாணலை மேய்ந்துகொண்டு
நிஜமாகவே நின்றது.
சாத்தையா அதை நோக்கித்தான் ஓடினார்.
பூச்செண்டு மட்டும் திரும்பவில்லை.
குடம் நிரம்பும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தண்ணீரில் பருப்பு வைத்தோம்.
கடிகாரம் பார்த்தேன்.
எப்போதும் ஆகிற நேரம்தான் ஆச்சு.