இருபது சென்டிமீட்டர்

விமானம் தாழப் பறக்கும்போது
லவுரிந்தா பேச்சை நிறுத்திக்கொள்வாள்.
சத்தம் போன பிறகு
விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள்.
மபூட்டோவின் குப்பைமேட்டு ஓரத்தில்
பதினோரு வருடப் பழக்கம்.

நான் மண் எடுக்க வந்தவன்.
கையில் துளைக்குழாய், தோளில் காகித உறைகள்,
அலுவலகம் கொடுத்த தொப்பி.
பாத்திக்கு ஐந்து இடம்,
இடத்துக்கு இருபது சென்டிமீட்டர் ஆழம்.
நான் போட்ட குழிகளைக்
குதிகாலால் மூடிக்கொண்டே பின்னால் வந்தாள்.
"ஏன் இருபது?"
கீரையின் வேர் அவ்வளவுதான் போகும் என்றேன்.
"என் சின்னவன் விரல் இரண்டுதான் போகும்.
போய்விட்டு நேரே வாய்க்கு வரும்.
அதற்குத் தனி உறை உண்டா?"
இல்லை.
நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்: இரண்டு.

உறையின் மேல் எழுதினேன்,
லவுரிந்தா நியாந்தும்பு, பாத்தி மூன்று.
"கடிதம் போல இருக்கிறதே, யாருக்கு?"
எல்லைக்கு அப்பால் ஓர் இயந்திரத்துக்கு.
"பதில் போடுமா?"
போடும்.

மேட்டின் உச்சியில் யாரோ ஒயரைக் கொளுத்துகிறார்கள்.
அவர்களுக்கு வேண்டியது செம்பு.
புகை யாருக்கும் வேண்டாததால்
எல்லோருக்கும் வந்து சேர்கிறது.
மழை பெய்தால் மேடு இறங்கி வரும்,
இடிந்து அல்ல,
தேநீர் வடிகிற மாதிரி:
பாட்டரியின் வயிறு, டியூப்லைட்டின் மூச்சு,
வர்ணம் உரிந்த கட்டில்,
எவர் வீட்டிலோ நின்றுபோன கடிகாரம்.
அவள் பாத்திகளுக்கு அந்தத் தண்ணீர்தான்.
இலை என்னவோ பளபளவென்று இருக்கிறது.
நோய் வந்தால் மஞ்சளாகும் என்று படித்தவன் நான்.
இந்த நஞ்சுக்கு
நிறம் காட்டும் பழக்கமில்லை.

மண் ஈயும் என்று நம்பி விதைத்தாள்.
ஈந்தது.
ஈயமும் ஈந்தது.

மதியம் தட்டில் சோளக் களி,
வேர்க்கடலை இடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரை.
"சாப்பிடு டெர்சியு, வெயிலில் நின்றிருக்கிறாய்."
போன வருடம்
பக்கத்துப் பாத்தியில் வந்த எண் எனக்குத் தெரியும்.
சாப்பிட்டேன்.
நல்ல ருசி.
அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்,
இத்தனை இருக்கலாம், இத்தனை கூடாது.
"நான் கிலோவில் விற்பதில்லையே,
கட்டுக்கு எவ்வளவு?"
கணக்குப் போட்டேன்.
போட்டதன் மேலேயே கிறுக்கி அழித்தேன்.
அதற்குப் பதில் எலும்பைப் பற்றிச் சொன்னேன்:
வந்திருப்பது சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து
அது கதவைத் திறந்துவிடும்,
உள்ளே வந்தவன் இருபது முப்பது வருடம்
வெளியே போகமாட்டான்.
"என் வீட்டுக்காரன் மூன்றே வருடத்தில் போய்விட்டான்"
என்று சிரித்தாள்.
பிறகு சின்னவனைக் கூப்பிட்டு
வாயைத் திறக்கச் சொல்லிப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்,
அங்கே எழுதியிருக்கும் போல.

அடுத்த பருவத்தில் பாத்தி முழுக்கச் செவ்வந்தி.
கல்லறைத் தோட்டத்து வாசலில் விற்கிறாள்.
"செத்தவர்கள் எதையும் வாயில் போடமாட்டார்கள்."
வருமானம் பாதி.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வியாபாரம்.

நேற்று அவளைச் சந்தையில் பார்த்தேன்.
கீரைக் கட்டு ஒன்றைத் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பினாள்.
காம்பை முறித்தாள், முகர்ந்தாள்.
எங்கே விளைந்தது என்று கேட்டாள்.
விற்கிறவள் தலை நிமிராமல் கையைக் காட்டினாள்,
பொதுவாக,
ஊர் இருக்கும் பக்கம்.
என் பையில் ஏற்கெனவே இரண்டு கட்டு.

அப்போது விமானம் ஒன்று போயிற்று.
லவுரிந்தா பேச்சை நிறுத்தினாள்.
சத்தம் போன பிறகு
தொடங்கவில்லை.
சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.