ஆறு சொட்டு

அட்டையில் ஆறு வட்டங்கள்.
ஒவ்வொன்றும் நிறைய வேண்டும், வழியக் கூடாது.
பாலத்துக் காவல் அறையில் உட்கார்ந்து
மோதிர விரலைக் குத்திக்கொண்டேன்.
நான்காவது சொட்டு திரள்வதற்குள்
மணல் ஏற்றிய படகொன்று ஊதிவிட்டது.
விரலை வாயில் வைத்துக்கொண்டே
சாலையை மறித்து, பாலத்தைத் தூக்கினேன்.
இரண்டு கார்கள், ஒரு சைக்கிள், ஒரு நாய்
எனக்காகக் காத்திருந்தன.
மிச்ச இரண்டு சொட்டையும் நடுவிரல் கொடுத்தது.
அதைப் பற்றி
விளக்கத்தாள் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தொன்பது யூரோ.
பதினொரு மணியானால் வயிறு உப்பிச்
சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நிற்கிறதே,
அதற்கு யார் காரணம்?
ஒரே ஒரு பெயர் போதும் எனக்கு.

பத்தாம் நாள் வந்தன பெயர்கள்,
நாற்பத்தொன்று.
சிவப்பில் பால், கோதுமை, முட்டை, கடுகு,
எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் சீஸுக்குள் போடும்
கிராம்பும்கூட.
பச்சையில் மாதுளை, கங்காரு இறைச்சி, தாமரைக் கிழங்கு.
வாழ்நாளில் நான் தொட்டே பாராதவை எல்லாம்
என்னோடு சமாதானமாக இருந்தன.

அப்போதே சிரித்திருக்க வேண்டும்.

பாலை நிறுத்தினேன்.
இருபத்தெட்டு வருடம் பால் லாரி ஓட்டிய டௌவே
என் காபியில் பாதாம் பால் கலக்கும்போதெல்லாம்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஓட்ஸ், அரிசித் தட்டை, மறுபடி ஓட்ஸ்.
நான்கு மாதம். ஏழு கிலோ போனது.
உப்பல் போகவில்லை.

'இன்னொரு தடவை பார்த்துவிடு,
தள்ளுபடியில் தருகிறார்கள்' என்றாள் நாத்தி ஃப்ரௌக்யே.
பார்த்தேன்.
பால் வெளிறி மஞ்சளுக்கு இறங்கியிருந்தது.
பாதாம் சிவப்பு.
ஓட்ஸ் சிவப்பு.
அரிசி, பாவம், அதுவும்.

அன்று மாலை படகு எதுவும் இல்லை.
பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
வரும் ஒவ்வொரு படகின் பெயரும் நேரமும்
எழுதி வைப்பது என் வேலை.
கோடை முழுக்க, பக்கத்துக்குப் பக்கம்
'நீல வாத்து', 'நீல வாத்து', 'நீல வாத்து'.
சுற்றுலாக்காரர்களோடு நாளுக்கு நான்கு முறை போகும்
சாதுவான படகு.
யாரோ இந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு போய்
எந்தப் பெயர் அதிகமோ
அதுதான் பாலத்தை இடித்தது என்று
தீர்ப்பு எழுதினால்?

ரத்தமும் என்னைப் போல ஒரு சம்பளக்காரி.
வந்தவரைக் குறித்துக்கொள்கிறது.
பழக்கம் என்றுதான் அது எழுதியது.
பகை என்று வாசித்தார்கள்,
காசு கொடுத்து நானும் வாசித்தேன்.

டாக்டர் ஹாய்த்ஸ்மா இரண்டு தாளையும்
அடுத்த வீட்டு ஜாதகத்தைப் போலப் பார்த்துவிட்டுக்
கவிழ்த்து வைத்தார்.
நிஜமான சோதனை ஒன்று கோதுமைக்கு உண்டாம்.
ஆனால் அதற்கு முன்
ஆறு வாரம், தினமும்,
ரொட்டி சாப்பிட்டாக வேண்டுமாம்.
'ஆள் ஊரிலேயே இல்லாதபோது
சாட்சி எதைச் சொல்லும்?' என்றார்.
ஒன்றும் அகப்படாமலும் போகலாம்,
அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.
இத்தனை மாதத்தில்
'தெரியாது' என்ற வார்த்தையின் பக்கம்
வந்த முதல் ஆள்.
அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை.

இன்று பத்தொன்பதாம் நாள்.
இரண்டு துண்டு ரொட்டி, வெண்ணெய்,
கிராம்பு சீஸ் தடிமனாக.
நான்கு மாதப் பட்டினிக்குப் பிறகு அந்தக் கிராம்பு
பல்லில் உடையும்போது
நோயாளி என்பதே மறந்துபோகிறது.
பதினொரு மணிக்கு வயிறு
சொல்லி வைத்தாற்போல உப்பியது.

தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பைப்
படகை நோக்கி இறக்கினேன்.
சுங்கக் காசை அதில் போட்ட பையன்
ஒன்று தவறி நீரில் விழவும்
என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தான்.
போகட்டும் என்று கையசைத்தேன்.

பதினொன்று இருபது. 'நீல வாத்து'. வடக்கே.
பக்கத்து ஓரத்தில், சின்ன எழுத்தில்:
ரொட்டி, இரண்டு துண்டு.